கோணேசர் காலடிக் கடலில் ஓர் ஆடி அமாவாசை

தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று விரதம் பிடிப்பது எங்கள் வழக்கம். அப்பா போன பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை இது. "கடலிலைதான் குடுக்க வேணும், கோணேசற்றை காலடியிலை" என்று அம்மா சொல்லிவிட்டார். சரி என்று முதல்நாள் பின்னேரமே வவுனியாவில் பஸ் ஏறி, திருகோணமலையில் மாமி வீட்டில் வந்து தங்கினோம்.

விடியப்புறம் இருட்டோடு டச்பே கடற்கரைக்கு இறங்கினோம். இடப்பக்கம் கோட்டையும் அதற்கு அப்பால் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையும் கறுப்பாக நின்றன. மணலில் நான் முதலில் கண்டது மானின் குளம்படி. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் இரவில் இங்கும் வந்து போகின்றன. வேறு ஒன்றும் அந்த மணலில் இல்லை. ஒரு போத்தல் மூடிகூட இல்லாத மணலைப் பார்த்து எவ்வளவு காலம்! நீர் கணுக்காலளவில் கண்ணாடியாக நின்றது. ஆடியில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். இதே கரைக்கு மார்கழியில் வந்தால் கால் வைக்கப் பயமாக இருக்கும்.

ஐயர் பவித்திரம் போட்டுவிட்டு மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டார். அப்பாவின் பெயர் சொன்னேன், அப்பப்பாவின் பெயர் சொன்னேன், அதற்கு மேலே நாக்கு எழவில்லை. பின்னால் நின்ற அம்மாதான் பூட்டனின் பெயரை மெல்லச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கால் இறங்கியபோது சூரியன் கடலை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

முழுகி எழும்பி, கொண்டுவந்த மாலையைக் கடலில் விடப் போனேன். பக்கத்தில் நனைந்த சேலையோடு நின்ற ஆச்சி ஒருவர் என் கையைப் பிடித்தார். "பொறு ராசா, பூவை மட்டும் விடு. நூல் போய் மீன்ரை செவுளிலை மாட்டும்." சொல்லிவிட்டு மாலையை வாங்கி, முடிச்சை நகத்தால் நெம்பி, ஒவ்வொரு பூவாக உருவித் தன் முந்தானையில் போட்டார். நைலோன் நூல். பூ உதிர்ந்ததும் அது ஒரு முழத்துக்கு மேல் நீண்டு கிடந்தது. அதை விரலில் சுற்றிச் சிறு உருண்டையாக்கி என் கையில் தந்தார். பூக்களை அள்ளி நான் விட்டேன். அவை கரையோரமாக நின்று நின்று போயின. ஆச்சி தன் கற்பூரப் பெட்டியையும் சொப்பிங் பையையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஊர் எது, பேர் என்ன என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கடலை வெறும் கடலாக நினைக்க என்னால் முடிவதில்லை. சம்பந்தர் கோணமலையைப் பாடும்போதே கரையில் முத்துக் கொழிக்கும் கடலைச் சேர்த்துத்தான் பாடினார். ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே இரண்டு. ஒன்று மன்னாரில் திருக்கேதீச்சரம், மற்றது இது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இடிந்த தூண்களும் சிலைகளும் மலையடியில் கடலுக்குள் போயின. 1956இல் மைக் வில்சன் என்பவர் அங்கே சுழியோடி ஒரு சிவலிங்கத்தை மேலே கொண்டுவந்தார். அவரோடு இந்தக் கடலில் சுழியோடியவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். முந்நூறு வருடத்துக்கு மேல் எங்கள் சாமியைப் பத்திரமாக வைத்திருந்த தண்ணீர் இது. அதற்குள் பழைய வேட்டியையும் பிளாஸ்டிக் தட்டையும் எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடுவதை நான் வேறு தீர்த்தக்கரைகளில் கண்டிருக்கிறேன். மனம் நோகும்.

அப்புறம் மலைக்கு ஏறினோம். கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லையும் அதில் சிதைந்துபோன தமிழ் எழுத்தையும் நின்று பார்த்தேன். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி பின்னே பிரிப்பான் என்று சொல்லும் கல் அதுதான். மேலே சனம் நிறைந்திருந்தது. 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டும்போது கிடைத்த பழைய பஞ்சலோக விக்கிரகங்களையும் வைத்து, கோயிலைப் புதிதாய் எழுப்பி, 1963இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். அம்பாள் மாதுமையாளின் சந்நிதியில் அம்மா நெடுநேரம் நின்றார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவுப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடின. அடியில் தண்ணீர் கடும் நீலம். நான் விட்ட பூ ஒன்றாவது தெரியுமா என்று தேடினேன். அவ்வளவு உயரத்திலிருந்து எங்கே தெரியும்!

மாமி வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறி காத்திருந்தது. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அந்தக் கைப்புக் காயைச் சமைப்போம். அப்பாவுக்குப் புளி தூக்கலாக வேண்டும், மாமி மறக்காமல் அப்படியே வைத்திருந்தார். வேட்டி மாற்றும்போது மடிப்பிலிருந்து நூலுருண்டை விழுந்தது. எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, படைத்த சோற்றில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். மதிலில் ஏற்கெனவே ஒரு காகம் வந்து குந்தியிருந்தது.