படம் சொன்ன மாஸ்டர்

எங்கள் பௌதிகவியல் மாஸ்டர் காலமான செய்தி போன மாதம் நம் பழைய மாணவர் வட்சப் குழுவில் வந்தது. பெயர் எழுதத் தேவையில்லை. மேல்மாடி ஆய்வுகூடத்தில் படித்த எவருக்கும் தெரியும். அதற்குச் சில நாட்கள் முன்புதான் யாரோ ஒருவர் "கொரோனாவை 2011இலேயே சொன்ன படம்" என்று 'கண்டேஜியன்' பட வீடியோவைப் போட்டிருந்தார். எத்தனையோ பேர் வியந்து எழுதியிருந்தார்கள். மாஸ்டர் பார்த்திருந்தால் கேட்டிருக்கும் கேள்வி எனக்குத் தெரியும்: "படம் எடுத்தவன் ஆரைக் கேட்டு எடுத்தவன்?"

பிக் மட்ச் என்ற வருடாந்தப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டி நடக்கும் கிழமையில் எங்கள் வகுப்பில் பாடம் நடத்த வேறு யாராலும் ஏலாது. அவர் பாடம் நடத்தமாட்டார், படம் சொல்லுவார். கொழும்பில் கம்பஸ் நாட்களில் பார்த்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யை அவர் சொல்லித்தான் நாங்கள் முதலில் அறிந்தோம். கரும்பலகையில் சக்கரம் போல ஒரு விண்வெளி நிலையத்தை வரைவார். "இது ஏன் சுத்துது? நீர் சொல்லும்" என்று கடைசி வாங்கைப் பார்ப்பார். மையநீக்க விசை கதைக்குள்ளேயே வந்துவிடும்.

படத்தின் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கோடு சேர்ந்து அந்தக் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் நம் நாட்டில்தான் வசிக்கிறார் என்று அவர் சொன்னபோது வகுப்பு ஒருகணம் அடங்கிப்போனது. பிறகு கிளார்க் 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொன்னார். பூமத்திய கோட்டுக்கு மேலே, பூமி ஒருமுறை சுழலும் நேரத்திலேயே தானும் ஒருமுறை சுற்றிவரும் செய்மதி எப்போதும் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்பது அந்தக் கட்டுரை. எவ்வளவு உயரத்தில் என்று எங்களையே கணக்குப் போடவைத்தார். 24 மணிநேரத்தைச் செக்கன்களாக்கி, ஈர்ப்புச் சமன்பாட்டில் இட்டு, கனமூலம் எடுத்து, பூமியின் ஆரையைக் கழித்தோம். ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் வந்தது. வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "45இல இருந்திருந்தா நீங்களும் இதைச் சொல்லியிருப்பீங்கள். இதில சாத்திரம் ஒண்டும் இல்லை."

அந்தப் படத்தில் அவர் நின்று நிதானித்துச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. சந்திரனுக்குப் போகும் வழியில் விஞ்ஞானி ஒருவர், விண்வெளி நிலையத்தில் இருந்து பூமியில் இருக்கும் சின்ன மகளோடு திரையில் முகம் பார்த்துப் பேசுகிறார். அவளுடைய பிறந்தநாளுக்குத் தன்னால் வரமுடியாது என்று சொல்கிறார். பேசி முடிந்ததும் கட்டணம் 1.70 டொலர் என்று திரையில் வரும். மகளாக நடித்தது கூப்ரிக்கின் சொந்த மகள். தூர இடத்தோடு தொலைபேசியில் பேச ட்ரங்க் கோலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் தொலைக்காட்சியே இல்லை. எங்களுக்கு அந்தத் திரைதான் அதிசயம். மாஸ்டரோ, "முகம் தெரியுது, ஆனா பிறந்தநாளுக்குப் போக ஏலாது" என்று இரண்டு தரம் சொன்னார். அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளைக் கைபேசித் திரையில் பார்த்தபோதுதான் அது எனக்கு முழுவதும் விளங்கியது.

லண்டனுக்கு வந்தபின் ஒரு திரைப்படக் கழகத்தில் ஃப்ரிட்ஸ் லாங்கின் 'சந்திரனில் பெண்' பார்த்தேன். 1929இல் வந்த ஜெர்மன் பேசாப்படம். உயர்ந்த கொட்டகையில் நிமிர்த்திக் கட்டிய ரொக்கெட்டை அப்படியே வெளியே நகர்த்திக்கொண்டு வருகிறார்கள். பயணிகள் ஏறிப் படுத்துக்கொள்கிறார்கள். எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டே வந்து பூச்சியத்தில் ஏவுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து அப்பலோ 11 சந்திரனுக்குப் போனபோது உலகம் கண்டதும் இதைத்தான். ரொக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபர்த் அந்தப் படத்துக்கு ஆலோசகர். இதையெல்லாம் மாஸ்டருக்கு ஒரு ஏரோகிராமில் நெருக்கி நெருக்கி எழுதினேன். அவருடைய பதில் சிறியது: "சரியாக வந்ததெல்லாம் எழுதியிருக்கிறீர். பிழையாகப் போனது எங்கே?"

பிழையாகப் போனதும் இருந்தது. அந்தப் படத்துச் சந்திரனில் மூச்சுவிடக் காற்று இருக்கிறது, தங்கமும் கிடைக்கிறது. கூப்ரிக்கின் படத்தில் 2001இல் விண்வெளிக்கு ஆள் ஏற்றும் பான் ஆம் விமான நிறுவனம், நிஜத்தில் 1991இலேயே மூடப்பட்டுவிட்டது. பலித்ததை மட்டும் எண்ணினால் எவரும் தீர்க்கதரிசிதான். அணு உலை ஆபத்தைப் பற்றிய 'தி சைனா சின்ட்ரோம்' படம் வந்து 12 நாளில், 1979 மார்ச் 28இல், அமெரிக்காவின் திரீ மைல் ஐலன்ட் அணு உலையில் விபத்து நடந்தது. இன்றுவரை அதைச் சகுனம் என்பவர்கள் உண்டு. ஆனால் அணு உலைகளின் ஆபத்தை அறிந்து வேலையை விட்டு விலகிய பொறியியலாளர்கள் அந்தப் படத்துக்கு ஆலோசனை சொன்னார்கள். 'கண்டேஜிய'னுக்கும் இயன் லிப்கின் என்ற வைரஸ் ஆய்வாளர் துணை நின்றார். மலேசியாவில் வௌவாலில் இருந்து பன்றிக்கும், பன்றியில் இருந்து மனிதருக்கும் தொற்றிய நிப்பா வைரசைப் பார்த்துத்தான் படத்தின் நோயை அமைத்தார்கள். தெரிந்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள் என்பதே இந்தப் படங்களின் வரலாறு. மாஸ்டர் எங்களுக்கு ஊட்ட நினைத்ததும் அதுதான் என்று நம்புகிறேன்.

பிறகு கடிதங்கள் போய்ச் சேராத காலம் வந்தது. நாங்கள் ஸ்காபரோ, ஹரோ, ஒஸ்லோ என்று சிதறினோம். அவர் அங்கேயே இருந்தார். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் பின்னேர வகுப்பு நடத்தினார் என்று பின்னால் படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வகுப்புகளிலும் படம் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாராம். அவர்களுக்கு அது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அந்த ஆண்டுகளில் அவருக்கு உதவியாக ஊரில் நிற்க முடியாமல் போனது மட்டும் இன்னும் மனதை அரிக்கிறது. இயந்திரம் படித்தவர்கள் நாங்கள், அத்தனை பேரும் வெளியே இருந்தோம்.

அவர் நினைவாக ஆய்வுகூடத்துக்குக் காசு சேர்ப்பதாகப் பழைய மாணவர் சங்கம் அறிவித்திருக்கிறது. நல்ல வேலை, என் பங்கையும் அனுப்புகிறேன். அதில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, நல்ல புரொஜெக்டர் ஒன்றும் திரையும் வாங்கிக் கொடுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் படமாக அந்த 1929 படத்தையே போடலாம். இடையில் வரும் எழுத்துகளைத் தமிழில் வாசிக்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த பிக் மட்ச் கிழமைக்கு ஊருக்கு வந்து அதைச் செய்ய நான் தயார்.