ஜப்பானில் இரட்டைக்கிளவி பழகிய கதை

ஜப்பானிய மொழி என்றாலே எல்லோரும் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளை நினைத்துத்தான் பயப்படுவார்கள். கான்ஜி பரவாயில்லை, உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்த்தால் மண்டையில் ஏறிவிடும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேறிய பிறகும் என்னைத் திணறடித்தது, இங்கே சின்னவர் பெரியவர் என்றில்லாமல் எல்லோர் வாயிலும் புரளும், நம் இரட்டைக்கிளவி போன்ற ஒலிக்குறிப்புச் சொற்கள்தான். ஒனொமத்தோப்பே என்பார்கள். ஷோகாகுகான் பதிப்பகம் 2007ல் இதற்கென்றே ஓர் அகராதி போட்டிருக்கிறது, அதில் மட்டும் 4,500 சொற்கள். நான் படித்த பாடப் புத்தகங்களிலோ ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் முதலில் காதில் விழுந்தவை மூன்று. 'பத்தா பத்தா' என்றால் தலைக்கு மேல் வேலை, ஓடிக்கொண்டே இருக்கிறேன் என்று பொருள். 'சக்கு சக்கு' என்றால் வேலை மளமளவென்று நகர்கிறது. 'கிரி கிரி' என்றால் கெடு முடியக் கடைசி நிமிடம், தப்பித்தோம் பிழைத்தோம். இவை மூன்றும் தெரிந்தால் பாதிக் கூட்டங்களைச் சமாளித்துவிடலாம்.

ஆனால் இந்தச் சொற்கள் அலங்காரம் இல்லை, அவசியம் என்று புரிந்தது கிளினிக்கில்தான். பல் வலிக்கிறது என்று போனால், எவ்வளவு வலி என்பதைவிட எப்படிப்பட்ட வலி என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். விண்விண்ணென்று தெறித்தால் 'ஜுக்கி ஜுக்கி'. ஊசி குத்துவதுபோல் சுருக் சுருக்கென்றால் 'ச்சிக்கு ச்சிக்கு'. தோல் எரிந்தால் 'ஹிரி ஹிரி'. தலைக்குள் சுத்தியல் அடித்தால் 'கான் கான்'. வயிற்று வலியிலேயே பிரிவுகள் உண்டு: மந்தமாக விடாமல் வலித்தால் 'ஷிக்கு ஷிக்கு', குத்திப் பிடுங்கினால் 'கிரி கிரி', குமட்டினால் 'முக்கா முக்கா'. மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து "கூர்மையான வலி" என்று காட்டினால் மருத்துவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "கிரி கிரி?" என்று திருப்பிக் கேட்பார். அந்த ஒரு சொல்லைச் சொன்னால்தான் அவர் பேனா நகரும்.

கெடுவுக்கும் 'கிரி கிரி', வயிற்று வலிக்கும் 'கிரி கிரி'யா என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் எழுத்து காலை வாருகிறது. வயிற்று வலியில் வருவது 'கிளி'யில் வரும் கி, கெடுவில் வருவது 'கீதை'யில் வரும் கீயின் குறில். குறிப்பேட்டில் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜப்பானிய எழுத்தில் மேலே இரண்டு சின்னக் கோடு போட்டு இதைப் பிரிக்கிறார்கள், அந்தக் கோடு விழுந்தால் பெரும்பாலும் பொருளில் கனமும் முரட்டுத்தனமும் ஏறிவிடும். நட்சத்திரம் 'கிரா கிரா' என்று மின்னும், அதே சொல்லுக்குக் கோடு போட்டால் கண்ணைக் கூசும் கோடை வெயில். வழவழப்பான கூந்தல் 'சரா சரா', சொரசொரப்பான சுவர் 'ஜரா ஜரா'. அன்றிலிருந்து இந்தச் சொற்களை மட்டும் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறேன்.

எழுத்து காலை வாரினாலும் இலக்கணம் கைகொடுக்கிறது, அதுவும் நன்றாகவே. நாம் 'பளபளவென்று' சொல்கிறோமே, அந்த 'என்று' இருக்கும் இடத்தில் அவர்கள் 'தோ' போடுகிறார்கள், 'பிக்கா பிக்கா தோ'. அவர் வருகிறேன் 'என்று' சொன்னார் என்பதில் வருவதும் அதே 'தோ'தான். என் வகுப்பிலிருந்த ஐரோப்பியர்கள் இது ஏன் இப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்டபோது எனக்கு இதில் கேட்க எதுவுமே இருக்கவில்லை. நாம் பளபள, பளிச், பளீர் என்று ஒரே வேரை வளைப்பதுபோல அவர்களும் வளைக்கிறார்கள். உருண்டுகொண்டே போனால் 'கொரோ கொரோ', உருண்டு வந்து நின்றால் 'கொரோரி', துள்ளி உருண்டால் 'கொரோன்'. சொல்லின் வால் தெரிந்துவிட்டால் புதுச் சொல்லையும் குத்துமதிப்பாகப் பிடித்துவிடலாம்.

புரிந்துகொள்வது ஒன்று, வாயில் வருவது வேறு. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தது எனக்கு ஒட்டவே இல்லை, வினையோடு சேர்த்துப் படித்ததுதான் ஒட்டியது: மழை 'ஜா ஜா' என்று கொட்டும், தண்ணீரை 'கொக்கு கொக்கு' என்று குடிப்பார்கள் (முதல் எழுத்து 'கோவா'வில் வரும் கோவின் குறில்), ஆளை 'ஜிரோ ஜிரோ' என்று முறைப்பார்கள். அப்புறம் தொனி. வினைக்கு முன்னால் வந்தால் முதல் அசையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், பசி 'பெக்கோ பெக்கோ' என்று வாக்கியத்தை முடிக்கும்போது குரலை இறக்காமல் தட்டையாகவே கொண்டுபோக வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ரயிலில் பக்கத்துப் பேச்சை ஒட்டுக்கேட்டே பழகினேன். இன்னொன்று, வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'பத்தா பத்தா' போடாதீர்கள், விளையாட்டுத்தனமாகத் தெரியும்.

இன்னும் பிடிபடாதது சாப்பாடுதான். நமக்கு எல்லாமே மொறுமொறு. இங்கே மெல்லிய தகடாக நொறுங்கினால் 'பரி பரி', லேசாகப் பொரிந்து உதிர்ந்தால் 'சக்கு சக்கு', கெட்டியாகக் கடிபட்டால் 'கரி கரி'. ஊரிலிருந்து வந்த முறுக்கை அலுவலகத்தில் கொடுத்து இது எந்த வகை என்று கேட்டேன். ஒருவர் 'கரி கரி' என்றார், இன்னொருவர் இல்லவே இல்லை, பல்லில் இவ்வளவு சத்தம் வந்தால் 'பொரி பொரி'தான் என்றார். பாக்கெட் காலியாகும்வரை முடிவாகவில்லை.