கருத்தடை எங்கே கிடைக்கும் என்று யார் சொன்னார்கள்?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வைப் படிக்கும்போது, கருத்தடை முறை எதையுமே கேள்விப்படாத பெண் இந்தியாவில் அநேகமாக இல்லை என்பது முதலில் நிறைவளிக்கிறது. ஆனால், எந்த முறையையும் பயன்படுத்தாத பெண்களிடம் சுகாதாரப் பணியாளர் எப்போதாவது அதுபற்றிப் பேசியிருக்கிறாரா என்ற கேள்விக்கு, ஆம் என்றவர்கள் 23.9 விழுக்காட்டினர்தான்; முந்தைய ஆய்வின் 17.7இலிருந்து உயர்ந்தும் இவ்வளவுதான் என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் சாயா கருத்தடை மாத்திரையும் 2017இல் அறிமுகமாகி, அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்ற மாதம் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குக் குழந்தையின் தடுப்பூசிக்காக வந்திருந்த பெண் ஒருவர், "கவர்மெண்ட்ல ஆபரேஷன் மட்டும்தானேக்கா?" என்று செவிலியரிடம் தணிந்த குரலில் கேட்டார். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போது (ஆண்கள் செய்துகொண்டது வெறும் 0.1) அந்தக் கேள்வி எழுவது இயல்புதான். செவிலியர் சாயா அட்டையை அவர் கையில் வைத்து, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று நாள்காட்டியில் வட்டமிட்டுக் காட்டினார்.