தோலில் பூச்செதுக்கல்: ஈரப்பதம்தான் பாதி வேலை

செதுக்கத் தாவரப் பதனீட்டுத் தோல்தான் (மரப்பட்டை போன்றவற்றின் சாற்றால் பதனிட்டது) வேண்டும். குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோலில் அடித்த தடம் நிற்காது, மீண்டு எழும்பிவிடும். பெல்ட்டுக்கு 3 முதல் 4 மி.மீ. தடிமன் சரி.

ஸ்பாஞ்சால் மேற்பரப்பு முழுக்கத் தண்ணீர் ஒற்றிவிட்டுக் காத்திருங்கள். தோல் பழைய வெளிர்நிறத்துக்குத் திரும்பத் தொடங்கி, கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும், அதுதான் பதம். நனைந்தபடியே வெட்டினால் கோடு மூடிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் கத்தி திக்கித் திக்கிப் போகும். இரும்புத்தூள் மட்டும் அருகில் வேண்டாம்: ஈரத் தோலிலுள்ள டானினோடு (பதனிட்ட சாற்றின் துவர்ப்புப் பொருள்) சேர்ந்து கருங்கறை விழும், அது எளிதில் போகாது.

சுழல்கத்தியால் (பிடியில் அலகு சுழலும் செதுக்குக் கத்தி) தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வெட்டினால் போதும். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளக் கூடாது. பிறகு பெவலரின் (சரிவாக அமுக்கும் அச்சுக்கருவி) தடித்த விளிம்பை வெட்டுக்கோட்டில் பொருத்தி, சரிவு இதழுக்கு வெளியே விழும்படி, தட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். தாவித் தாவி அடித்தால் இதழோரத்தில் படிக்கட்டு விழும். இதழ் மேலெழுந்து தெரிவதே இந்தச் சரிவால்தான், இங்கே நேரம் செலவிடுங்கள்.

ஒரு நாள் காயவிட்டு, நீர்த்த அக்ரிலிக்கை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். கெட்டியாகப் பூசினால் வளைக்கும்போது வெடிக்கும். அதன்மேல் ரெசிஸ்ட் (நிறம் ஊறாமல் தடுக்கும் பூச்சு) பூசி உலர்த்திய பிறகே ஆன்டிக் பேஸ்ட் (பழமைத் தோற்றம் தரும் கருநிறக் குழம்பு). தேய்த்து உடனே துடைத்தால் பள்ளங்களில் மட்டும் கருமை தங்கும்.