நிழல் விழற சிட்-அவுட்டுக்கு கலர் வேணும்னா பூவ விடுங்க, இலைய பாருங்க

எங்க வீடு சென்னைல, கிரவுண்ட் ஃப்ளோர். பின்பக்கம் வடக்க பாத்த மாதிரி ஒரு சிட்-அவுட் இருக்கு, பத்துக்கு எட்டு அடி, ரெட் ஆக்சைட் தரை. பக்கத்து மனைல நாலு மாடி அபார்ட்மென்ட் வந்ததுலேர்ந்து அங்க வெளிச்சம் பாதியாயிடுச்சு, மிச்சத்த எங்க மாமரம் மறைச்சிடுது. அம்மா மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் வெளிய அதிகம் போறதில்ல, சாயங்காலம் காபி டம்ளரோட அங்கதான் உக்காருவாங்க. "எதிர்ல வெறும் சுவரு, கண்ணுக்கு ஒரு கலர் இல்லையேடி"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சேன்.

முதல்ல வாங்கினதெல்லாம் பூச்செடிதான். செம்பருத்தி, ரோஜா, டேபிள் ரோஸ். சாமிக்கு பறிக்க நாலு பூ கிடைக்குமேன்னு ஆசை. ஒண்ணும் நிக்கல. செம்பருத்தி வெளிச்சம் தேடி ஒல்லியா நீண்டு போயி, விட்ட மொட்டெல்லாம் உதிர்ந்து, கடைசில தண்டு பூரா மாவுப்பூச்சி. இதுங்களுக்கு தினம் அஞ்சாறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும், அது இல்லாத இடத்துல எவ்ளோ உரம் கொட்டினாலும் பூக்காது. குரோட்டன்ஸும் வச்சு பாத்தேன், வாங்கறப்போ சிவப்பும் மஞ்சளுமா இருந்தது, அப்புறம் வந்த புது இலையெல்லாம் பச்சையாவே வந்துது. வெளிச்சம் குறைஞ்சா செடி பச்சையத்த அதிகமாக்கி சமாளிக்கும், அதான் காரணம்.

அப்புறம் ஈ.சி.ஆர்ல ஒரு நர்சரிக்கு போனேன். அந்த அண்ணா செடி எதையும் காட்டாம "எந்த திசை, எவ்ளோ நேரம் வெயில் வரும்"னுதான் முதல்ல கேட்டாரு, எனக்கு பதில் தெரியல. "மதியம் ஒரு வெள்ள பேப்பர வச்சு ஒரு அடி மேல கைய நீட்டி பாருங்க, விரல் விரலா நிழல் தெரிஞ்சா நல்ல வெளிச்சம், மங்கலா ஒரு திட்டு மாதிரி விழுந்தா சுமார், நிழலே விழலன்னா அங்க கலர் செடி வேணாம்"னாரு. வீட்ல பாத்தா ஓரத்துல மங்கல் நிழல், உள் மூலைல ஒண்ணுமே இல்ல. செடிய எங்கெங்க வைக்கணும்னு அந்த பேப்பர்தான் சொல்லிக் குடுத்துது.

இப்போ இருக்கறதுல எனக்கு ரொம்ப பிடிச்சது அக்லோனிமா. இலை ஓரம் மட்டும் சிவப்பா இருக்கற லிப்ஸ்டிக் வகை, அப்புறம் ரோஸ் புள்ளி தெளிச்சது ஒண்ணு. மெதுவா வளரும், வெட்டி விடற வேலை கிடையாது, மேல் மண்ணு ஒரு இஞ்ச் காஞ்சதும் தண்ணி விட்டா போதும். கூட பீஸ் லில்லி. அதுல வெள்ளையா இருக்கறத பூன்னு சொல்றோம், உண்மையில அது மாறிப்போன இலைதான், நடுவுல நீட்டிட்டு இருக்கற குச்சிலதான் குட்டி குட்டி பூ இருக்கு. தண்ணி பத்தலன்னா அப்படியே துவண்டு விழும், ஊத்தின கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிடும், அதனால மறந்து போறவங்களுக்கும் ஏத்த செடி. தொங்க விட சிங்கோனியம், தரை ஓரத்துக்கு இலை அடிப்பக்கம் ஊதாவா இருக்கற ரியோ.

கலர் எடுக்கறப்போ ஒண்ணு கவனிங்க. கரும் ஊதா, அடர் சிவப்பு எல்லாம் நர்சரில அள்ளும், நிழல்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கருப்பாதான் தெரியும். ரியோ தொட்டி ரெண்டும் மூலைல அப்படித்தான் காணாம போச்சு, இப்போ ஓரத்துக்கு மாத்திட்டேன். மங்கலான இடத்துக்கு வெள்ளை, வெளிர் ரோஸ், எலுமிச்சை பச்சை எடுங்க. உள் மூலைல மட்டும் அந்த அண்ணா சொன்னத மீறி நியான் மணி பிளான்ட் ஒண்ணு வச்சிருக்கேன், அதோட இளம்பச்சை அங்க விளக்கு ஏத்தின மாதிரி இருக்கு.

வடக்கு பக்கம்னா வருஷம் பூரா நிழல்னு நம்பிடாதீங்க. சென்னைல ஏப்ரல் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் உச்சி வெயில் நமக்கு வடக்காலதான் இருக்கும். போன மே மாசம் நாலு மணி வெயில் வடமேற்குலேர்ந்து சாய்ஞ்சு நேரா அக்லோனிமா மேல விழுந்து, ஒரே வாரத்துல நாலு இலை அப்பளம் சுட்ட மாதிரி பழுப்பா பொரிஞ்சு போச்சு. இப்போ அந்த மாசங்கள்ல தொட்டிய ரெண்டடி உள்ள தள்ளி வச்சிடறேன்.

தண்ணி விஷயத்துல கை அடங்கணும். நிழல்ல மண்ணு சீக்கிரம் காயாது, தினம் ஊத்தினா வேர் அழுகிடும், ஐப்பசி கார்த்திகை மழைல வாரம் ஒரு தடவை கூட சில சமயம் வேண்டியிருக்காது. செம்மண், கோகோபீட்னு விக்கற தேங்கா நார் தூள், மண்புழு உரம் மூணும் சமமா, கூட ரெண்டு கைப்பிடி பெர்லைட்னு விக்கற வெள்ளை பொரிகல்லு போட்டு கலந்து வச்சா தண்ணி தேங்காது. எங்க போர் தண்ணி உப்பு, இலை நுனியெல்லாம் காய்ஞ்சுட்டே இருந்துது, ஏசிலேர்ந்து சொட்டற தண்ணிய பக்கெட்ல பிடிச்சு ஊத்த ஆரம்பிச்சதும் புது இலை சுத்தமா வருது. ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ற தண்ணிய மட்டும் ஊத்தாதீங்க, உப்பெல்லாம் அதுலதான் சேர்ந்து வரும். தொட்டிக்கு அடில தட்டு வச்சா நின்ன தண்ணிய அன்னிக்கே கொட்டிடுங்க, டெங்கு கொசு நல்ல தண்ணிலதான் முட்டை போடும். அக்லோனிமா, பீஸ் லில்லி, சிங்கோனியம், கலேடியம் இதுங்க இலைய மென்னா வாயெல்லாம் எரியும், தவழற குழந்தையோ பூனையோ இருக்கற வீடுன்னா உசரத்துல வைங்க.

கலேடியம் பத்தி சொல்லியே ஆகணும். வெள்ளை இலை, பச்சை நரம்பு, காகிதம் மாதிரி மெல்லிசு, பின்னாடி வெளிச்சம் பட்டா அப்படியே ஒளிரும். அம்மாவுக்கு உயிர். ரெண்டு வருஷம் முன்னாடி டிசம்பர்ல ஒவ்வொரு இலையா மஞ்சளாகி படுத்துடுச்சு, தண்ணி அதிகமாயி செத்துப் போச்சுன்னு நெனச்சு மண்ணோட மாமரத்தடில கொட்டிட்டேன். அது கிழங்கு செடி, வருஷத்துல சில மாசம் மேல ஒண்ணும் இல்லாம உள்ள தூங்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, மனசு கேக்கவே இல்ல. அடுத்து வாங்கினதும் போன டிசம்பர்ல அதே மாதிரி படுத்துது. இந்த தடவை தண்ணிய நிறுத்தி, "தூங்குது, கொட்டாதே"ன்னு மார்க்கர்ல தொட்டிலயே எழுதி படிக்கட்டுக்கு கீழ வச்சேன். ஏப்ரல் ஆரம்பத்துல ஊதுபத்தி கணக்கா சுருண்ட ஒரு முளை மண்ண விலக்கிட்டு வெளிய வந்துது. அது விரியறத பக்கத்துலயே பாக்கணும்னு அம்மா அந்த தொட்டிய தன் நாற்காலிகிட்ட நகர்த்த சொல்லிட்டாங்க. இப்போ ஏழு இலை.