தடைக்காலக் குறிப்பேடு

ஏப்ரல் 14, 2025, திங்கள். மண்டபம்

இன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை, 61 நாள். வருடா வருடம் இதே தேதி, இதே செய்தி, பெரும்பாலும் இதே படம்: வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் படகுகள். போன வருடச் செய்தியில் ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பினாலும் பத்திரிகை டெஸ்க்கில் யாருக்கும் தெரியாது. படகுத்துறையில் இருப்பவருக்கு மட்டும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

‘மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை’ என்று தலைப்பு வைக்கிறார்கள். தவறு. தடை விசைப்படகுக்கு. நாட்டுப்படகும் வல்லமும் நாளைக்கும் போகும். தலைப்பைப் பார்த்த நாட்டுப்படகுக்காரர் “நம்ம மீனவன் இல்லையா அப்ப?” என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். ‘விசைப்படகுகள் 61 நாள் கரையில்’ என்றால் அதே நான்கு சொல்தான், பொய் இல்லை.

செய்தியைக் கடைசி வரை வாசிக்க வைப்பது எது என்பதுதான் இந்த 61 நாளும் இங்கே எழுதப்போவது. இதழியல் வகுப்பில் இதற்குப் பட்டியலே தருகிறார்கள்: அண்மை, மோதல், பிரபலம், வியப்பு. பட்டியல் சரிதான். ஆனால் இந்தக் கரையில் வேலைக்கு ஆகிற அளவுகோல் வேறு. விஷயம் தெரிந்த துறைக்காரர் ஒருவர் வாசித்துவிட்டு எங்கேயும் முகம் சுளிக்கவில்லை என்றால், கோயம்புத்தூர்க்காரரும் அதைக் கடைசி வரை படிப்பார். சரியான சொல்லோடு மனக்கண்ணில் படமும் கூடவே வந்துவிடுகிறது.

ஏப்ரல் 16, புதன்

தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 5,000 ஆக இருந்ததை உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில், இதே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வந்தது. எல்லாச் செய்தியிலும் ‘8,000 ரூபாய்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 61-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். வகுத்த பிறகுதான் அது செய்தி. அந்த 131-க்குப் பக்கத்தில் ‘சொற்ப’ என்றோ ‘தாராள’ என்றோ சேர்க்கக் கூடாது. அரிசி விலை வாசகருக்குத் தெரியும்.

மழைக்கும் இதே கணக்கு. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்டிமீட்டரில் மழையைப் பார்க்கிற கண் யாருக்கும் இல்லை. 1 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 10 லிட்டர். பத்துக்குப் பத்தடி மொட்டைமாடி சுமார் 9.3 சதுர மீட்டர். 40 செ.மீ. மழையில் அந்த மாடியில் மட்டும் விழுந்தது 3,700 லிட்டர், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் 185. இனி வாசகர் தன் வீட்டு மாடியை நினைத்துக்கொள்வார்.

ஒரு எச்சரிக்கை. வானிலைத் துறையின் ‘ஒரு நாள்’ காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ‘நேற்று பெய்த மழை’ என்று எழுதும்போது பாதி இன்றைக்கு அதிகாலை பெய்ததாக இருக்கலாம். மணியைப் போட்டுவிட்டால் வம்பு இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

‘பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது.’ யாருக்கு? இந்த வரி வரும் செய்தியில் பரபரப்பான ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். கூடவே வருபவை: ‘சமூக ஆர்வலர்கள் கோரிக்கை விடுத்துள்ளனர்’, ‘பொதுமக்கள் கடும் அவதி’, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’. கடைசியாகச் சொன்னதில் எழுவாயே இல்லை. யார் எடுக்கிறார், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, பதில் கிடைக்காவிட்டால் ‘எந்தத் தேதிக்குள் என்று அதிகாரிகள் சொல்லவில்லை’ என்று எழுதினால் அதுவே பாதிச் செய்தி.

ஏப்ரல் 27, ஞாயிறு. பாம்பன்

புதிய ரயில் பாலம் ஏப்ரல் 6-ல் திறந்து மூன்று வாரம் ஆகிறது. ‘நாட்டின் முதல் செங்குத்துத் தூக்குக் கடல் பாலம்’ என்று எல்லோரும் ஒரே இன்ட்ரோ (செய்தியின் தொடக்க வரி) எழுதினார்கள். அது ரயில்வே பிரஸ் நோட்டின் முதல் வரி. பிரஸ் நோட்டின் முதல் வரி, அனுப்பியவருக்கு முக்கியமானது. வாசகருக்கு முக்கியமானது பெரும்பாலும் மூன்றாம் பத்தியில் இருக்கும்.

இங்கே அது ஒரு எண். நடுவில் உள்ள 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே போகிறது. ஐந்து மாடி உயரம், தண்டவாளத்தோடு. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு இறக்கையாகப் பிளந்து, இரண்டு பக்கமும் சாய்ந்து எழும். இது அப்படியே படுத்த வாக்கில் லிஃப்ட் போல ஏறுகிறது. இந்த இரண்டு அசைவையும் அடுத்தடுத்து இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், பாலத்தைப் பார்க்காதவருக்கும் வித்தியாசம் புரிந்துவிடும். ‘பொறியியல் அதிசயம்’ தேவைப்படாது.

இன்ட்ரோவுக்குக் கைப்பழக்கம்: எழுதிய பிறகு உரக்க ஒரே மூச்சில் படிக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நீளம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் 25 சொல் தாண்டியதும் என்ன நடந்தது என்று தெரியாமலேயே வாசகர் காத்திருக்க வேண்டியிருக்கும். ‘…என்று தெரிவித்ததாகக் கூறப்படுகிறது’ என்று முடியும் வாக்கியம் காக்க வைத்தது போதாதென்று கையையும் விரிக்கிறது.

மே 1, வியாழன்

இன்று கிராம சபை. 1965-ல் கால்டுங், ரூகே என்ற இரு நார்வே ஆய்வாளர்கள் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நான்கு நார்வே நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று பார்த்து, ஒரு நிகழ்வு செய்தியாவதற்கு 12 காரணிகள் சொன்னார்கள். அதில் முதலாவது, நிகழ்வின் கால அளவு பத்திரிகையின் கால அளவோடு பொருந்த வேண்டும் என்பது. நாளிதழுக்கு ஒரே நாளில் தொடங்கி முடிகிற விஷயம் வேண்டும். இலங்கைக் கடற்படை மீனவரைக் கைது செய்வது ஒரே இரவில் முடியும். கடல் அரிப்புக்குப் பத்து வருடம் ஆகும். அதனால்தான் ராமநாதபுரம் கரை என்றாலே வெளியூர்ப் பதிப்பில் கைது மட்டும் வருகிறது.

மெதுவாக நடப்பதைச் செய்தியாக்க அதற்கு ஒரு நாள் தேடிக் கொடுக்க வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போன கூட்டத் தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தால், நிறைவேறாதது என்ன என்பது தானாக இன்ட்ரோவாகிவிடும். நகல் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள் கெடு. மனுவில் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது, விளக்கம் தரத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். ‘எந்த ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை’ என்று கேட்க வேண்டும்.

மே 5, திங்கள். பாம்பன்

புயல் கூண்டு. இந்தக் கரையில் அதிகம் வாசிக்கப்படும் ஒற்றை வரிச் செய்தி இதுதான்: ‘பாம்பன் துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு ஏற்றம்.’ அதிகம் தப்பாக எழுதப்படுவதும் இதுதான்.

எண் ஏறினால் ஆபத்து ஏறுகிறது என்று படியேறுவது போல எழுதுகிறார்கள். பாதி தூரத்துக்குத்தான் அது சரி. 1 என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 2 என்றால் தொலைவில் புயல். இரண்டிலும் துறைமுகத்துக்கு உடனடிப் பாதிப்பு இல்லை. இங்கிருந்து கிளம்பும் கலம்தான் போய் மாட்டிக்கொள்ளும். 3 வந்தால் துறைமுகத்துக்கே பலத்த காற்று மிரட்டல். 4 வந்தால் புயலே பின்னால் துறைமுகத்தைத் தொடலாம். 5, 6, 7-ல் கதை மாறுகிறது. மூன்றும் ஒரே அளவு அபாயம், பக்கம்தான் வேறு: புயலின் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் 5, வலப்புறம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே மூன்று பக்கம் தீவிரப் புயலுக்கு 8, 9, 10. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

ஆக, ‘5-லிருந்து 6-க்கு உயர்ந்தது, அபாயம் அதிகரிப்பு’ என்று எழுதினால் அது செய்தியே அல்ல, கற்பனை. உண்மையில் நடந்தது புயலின் பாதை மாறியது. அதை எழுதினால் வாசகர் உடனே தன் ஊர் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அப்படிப் பார்க்க வைப்பதைவிடப் பெரிய ஈர்ப்பு எதுவும் இல்லை.

காற்றின் வேகமும் அப்படியே. மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் ‘புயல்’. 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். தலைப்பில் முன்கூட்டியே ‘புயல்’ போட்டால் இரண்டு முறை பலிக்காது, மூன்றாவது முறை உண்மையாக வரும்போது ஆள் நகர மாட்டார். துறைமுக அறிவிப்புப் பலகையைக் கூண்டோடு சேர்த்துப் படம் எடுத்து மணியைக் குறித்துக்கொள்வது நல்லது. பழைய அலைப் படத்தைப் போட்டால் ‘கோப்புப் படம்’ என்ற இரண்டு சொல்லை மறக்கவே கூடாது.

மே 11, ஞாயிறு. கீழக்கரை

பேட்டி. “எப்படி இருக்கு நிலைமை?” என்று கேட்டால் “என்னத்த சொல்ல” என்றுதான் வரும். கேள்வி கையில் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். “காக்கா, போன வாரம் எத்தனை நாள் கடலுக்குப் போனீங்க? எத்தனை கூடை நண்டு? கிலோ என்ன விலைக்குப் போச்சு?” மூன்று எண் வந்த பிறகு நிலைமை தானாகப் பேசும்.

ஏலம் நடக்கும்போது கேட்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவருடைய முழு நாள் வருமானம் முடிவாகிறது. மீன் எடை போட்டு, ஐஸ் போட்டு, பெட்டி வண்டியில் ஏறிய பிறகு டீக்கடையில் கேட்கலாம். சொன்னதை மேற்கோளாகப் போடும்போது மேடைத் தமிழாக மாற்றுவது இன்னொரு கெட்ட பழக்கம். ‘கச்சான் காத்து ஏறிடுச்சு’ என்றவரை ‘தென்மேற்குப் பருவக்காற்று வலுவடைந்துள்ளது’ என்று பேச வைத்தால் அந்த ஆள் பக்கத்திலிருந்து மறைந்துவிடுகிறார். கச்சானை அப்படியே விட்டு, அடுத்த வாக்கியத்தில் அது எந்தத் திசைக் காற்று என்று சொல்லலாம்.

மே 19, திங்கள்

கைதுச் செய்தி. ‘மீனவர்கள் 12 பேர் கைது’ என்ற தலைப்பில் 12-ஐ மாற்றினால் எந்த வாரத்துக்கும் பொருந்தும். வாசகர் கல்நெஞ்சர் அல்ல. நாம்தான் ஒரே படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறோம்.

படிவத்தை உடைக்கச் செய்ய வேண்டியது முதல் நாளிலேயே இருக்கிறது. படகுப் பதிவெண் வாங்க வேண்டும். ‘டிஎன்-10’ என்றால் ராமநாதபுரம் மாவட்டம், ‘எம்எம்’ என்றால் விசைப்படகு. அது இல்லாமல் படகு பின்னால் என்ன ஆனது என்று தொடரவே முடியாது. அடுத்து, இலங்கை நீதிமன்றம் எந்தத் தேதி வரை காவல் வைத்தது. அந்தத் தேதியைச் செய்தியிலும் போட வேண்டும், நாட்காட்டியிலும் எழுத வேண்டும். தொடர் செய்தி என்பது தேதிகளால் ஆனது, உணர்ச்சியால் அல்ல. மூன்றாவது, சட்டம். இலங்கை 2017-ல் இழுவலையைத் தடை செய்தது, 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பெரிதும் உயர்த்தியது. இந்த இரண்டு வரி இல்லாவிட்டால், ஆள் திரும்பி வந்தும் படகு ஏன் வரவில்லை என்பது வாசகருக்குப் புரியாது. எதிர்க்கரையில் வலை அறுந்து நிற்பவரும் தமிழ் பேசும் மீனவர்தான். அவருக்கு ஒரு பத்தி கொடுக்காத செய்தி பாதிச் செய்தி.

வீட்டுக்குப் போய்க் குழந்தையை அழ வைத்து எடுக்கும் படம் வேண்டாம்.

மே 24, சனி. சின்னப்பாலம்

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதியவற்றில் ‘உயிரைப் பணயம் வைத்து’ என்று வராத கட்டுரை குறைவு. கண்ணில் நிற்பது அதுவல்ல, விரல். பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலிலும் துணிக்கீற்றைச் சுற்றிக் கட்டுகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. துணிக்கீற்றைக் கட்டுவதை மூன்று வாக்கியத்தில் எழுதினால் பணயம் தானாக வந்துவிடும்.

இந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. விருதை இன்ட்ரோவில் வைத்தால் பாராட்டுச் செய்தி. நான்காம் பத்தியில், எத்தனை நாள் பாசி எடுக்கலாம் என்று பெண்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டைச் சொன்ன பிறகு வைத்தால், விருது ஏன் என்பது புரிந்திருக்கும்.

மே 30, வெள்ளி

படக்குறிப்பு: இடமிருந்து வலம், பெயர், இடம், தேதி. படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லக் கூடாது. ‘வலை சரிசெய்யும் மீனவர்’ என்பது எல்லோருக்கும் தெரிகிறது. எந்த வலை, எதற்கு என்பதுதான் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு. தனுஷ்கோடி

1964 டிசம்பர் 22 இரவில் அடித்துச் செல்லப்பட்ட பாம்பன் பயணிகள் ரயிலில் இறந்தவர் 115 என்பது பயணிகள் 110, ஊழியர் 5 என்ற ரயில்வே கணக்கு. டிக்கெட் வாங்காமல் ஏறியவர் அதில் வர மாட்டார். ஆண்டு நினைவுச் செய்திகளில் எண் 115-லிருந்து 200 வரை அலைவது இதனால்தான். எண்ணோடு எண்ணியவர் யார் என்பதையும் போட்டால் அலைச்சல் நின்றுவிடும். ‘ரயில்வே கணக்கில் 115’ என்ற மூன்று சொல்லே ஒரு கதை.

ஜூன் 14, சனி. மண்டபம்

கரையேற்றிய படகுகள் புதுப் பெயிண்ட்டோடு தண்ணீரில் நிற்கின்றன. பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து வேலை முடிந்து, இப்போது ஐஸும் டீசலும் ஏறுகின்றன. நாளைய தலைப்பு இப்போதே பல இடங்களில் தயார்: ‘61 நாளுக்குப் பின் உற்சாகத்துடன் கடலுக்குச் சென்ற மீனவர்கள்’. உற்சாகத்தை அளக்கக் கருவி இல்லை. படகுகள் திரும்பி வரும் காலையில் இறங்குதளத்தில் கேட்க வேண்டியவை: எத்தனை படகுக்கு அனுமதி டோக்கன் கொடுத்தார்கள், எத்தனை திரும்பின, ஒரு படகுக்கு எத்தனை கிலோ இறால், முதல் ஏலம் என்ன விலைக்குத் தொடங்கி என்ன விலைக்கு முடிந்தது. தொடங்கிய விலையையும் முடிந்த விலையையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். வரத்து கூடக் கூட முற்பகலுக்குள் விலை இறங்கும், ஆறு மணிக்குக் கேட்டவரும் பத்து மணிக்குக் கேட்டவரும் வேறு வேறு செய்தி எழுதுவார்கள்.