புரூமுக்கு ஒரு பயணம்: கட்டணத்தைக் கேட்பார் யார்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே கடலோரத்தில் இருக்கும் புரூமிலிருந்து, மாநிலத் தலைநகரான பெர்த்துக்கு நேற்று இரவுதான் திரும்பினேன். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எங்கே தங்கலாம், எந்தக் கடற்கரைக்கு எந்த நேரத்தில் போகலாம் என்றெல்லாம் வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன். இப்போது மனம் முழுவதும் அந்த விமானச் சீட்டின் விலையிலேயே நிற்கிறது. போக 612 டாலர், வர 548 டாலர். ஒரே மாநிலத்துக்குள் இரண்டரை மணி நேரம் பறப்பதற்கு மொத்தம் 1,160 டாலர் கொடுத்திருக்கிறேன்.

புரூமில் என் அக்கா, பெரியப்பா மகள், செவிலியராக வேலை பார்க்கிறாள். ஜூலை நடுவில் பிரசவம் என்று நாள் குறித்திருந்ததால், மார்ச் மாதமே மலிவு விலையில் ஒரு சீட்டு எடுத்து வைத்திருந்தேன். குழந்தை மூன்று வாரம் முந்திக்கொண்டது. மலிவுச் சீட்டில் தேதி மாற்றவும் முடியாது, பணமும் திரும்ப வராது. ஜூன் இறுதி என்பது புரூம் இருக்கும் கிம்பர்லி பகுதியில் மழையில்லாத பருவத்தின் உச்சம். பள்ளி விடுமுறையும் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு கணினித் திரையில் புரூம் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, அதே தேதிக்கு பாலித் தீவுக்கு என்ன விலை என்று தேடினேன். கடல் கடந்து இன்னொரு நாட்டுக்குப் போவதற்கு அதில் பாதிகூட ஆகவில்லை. பெர்த்தில் இதை எல்லோரும் வழக்கமாகச் சொல்லிப் புலம்புவார்கள். நம் கைக்காசு போகும்போதுதான் அதன் எரிச்சல் புரிகிறது. காரில் போகலாமா என்றும் கணக்குப் போட்டேன். 2,200 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்ட வேண்டும். பெட்ரோலும் இரண்டு இரவுத் தங்கலும் சேர்ந்தால் மிச்சம் பெரிதாக இல்லை. பிரசவ லேகியம், சுக்கு, நாலு கிலோ பூண்டு என்று பெட்டியும் கனத்தது. வேறு வழியில்லாமல் பணத்தைக் கட்டினேன்.

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் புரூமிலேயே நாற்பது ஆண்டுகளாக வாழும் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். இதய மருத்துவரைப் பார்க்கப் பெர்த்துக்கு வந்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்தது 299 டாலர். 2022 ஜூலை 1 முதல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு நடத்தும் கட்டண உச்சவரம்புத் திட்டத்தின்படி, தலைநகருக்கு வெளியே நிரந்தரமாக வசிப்பவர்கள் சொந்த வேலையாகப் பெர்த்துக்குப் பறந்தால், 1,000 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களுக்கு ஒரு வழிக்கு 199 டாலருக்கு மேலும், அதற்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு 299 டாலருக்கு மேலும் அவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் மருத்துவர் வரச்சொன்னாலும் கட்டணத்தை நினைத்து இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறேன் என்று அவர் சொன்னபோது, அந்தத் திட்டத்தைக் கொண்டு வந்தவர்களை மனதார வாழ்த்தினேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் குறை வேறு. உச்சவரம்பு என்று பெயர் இருந்தாலும், அது கட்டணத்தின் மீது போட்ட வரம்பு அல்ல. குடியிருப்பவர் கொடுக்கும் பங்கின் மீது போட்ட வரம்பு மட்டுமே. நிறுவனம் கேட்கும் விலைக்கும் 299 டாலருக்கும் இடையே விழும் தொகையை மாநில அரசு, அதாவது நாமெல்லாம் கட்டும் வரி, நிரப்புகிறது. பேறு பார்க்கப் போகும் தங்கைக்கு அந்தச் சலுகை இல்லை. வேலை நிமித்தமாகப் பறப்பவருக்கும் இல்லை. அக்காவின் கணவர் மின்பணி ஒப்பந்தக்காரர். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கப் பெர்த்திலிருந்து ஓர் ஆளை வரவழைத்தால் அந்த ஆளின் முழு விமானக் கட்டணமும் வாடிக்கையாளரின் தலையில்தான் விழும் என்று அத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆக, சீட்டில் மிச்சமான பணம் வேறு வழியாக அந்த ஊர்க்காரர்களிடமிருந்தே வெளியே போய்விடுகிறது.

புரூம் விமான நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருப்பதால் வாடகைக் காருக்குச் செலவு வைக்காமல் அத்தானே வந்து அழைத்துப் போனார். இந்தப் பயணத்தில் நான் மிச்சம் பிடித்த ஒரே இடம் அதுதான். அன்று மதியம் சாப்பிட்ட சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். இங்கே பாராமுண்டி என்று பெருமையாக விற்கும் மீன் நம் ஊர்க் கொடுவாதான். அத்தானின் நண்பர் பிடித்துக் கொடுத்ததை, புளி சற்றுத் தூக்கலாக, பூண்டு நிறையத் தட்டிப்போட்டுக் குழம்பு வைத்தேன். அக்கா இரண்டாம் முறை சோறு கேட்டாள். அந்த ஒரு வேளைக்காக 612 டாலரை மறந்திருந்தேன் என்பது உண்மை.

அன்று இரவு மீண்டும் கட்டணப் பேச்சுதான். சென்ற ஆண்டு நான் எஸ்பெரன்ஸுக்கு 34 இருக்கைகள் கொண்ட சாப் விமானத்தில் போனேன். ஆல்பனி, எஸ்பெரன்ஸ், கார்னார்வன், மங்கி மியா போன்ற ஆள் குறைவான வழித்தடங்களில் மாநில அரசு ஒரே நிறுவனத்துக்கு உரிமம் தருகிறது; போட்டியிலிருந்து பாதுகாப்புக் கொடுத்து, பதிலுக்குச் சேவையின் மீது நிபந்தனை வைக்கிறது. புரூம் போல இரண்டு நிறுவனங்கள் பறக்கும் ஊர்களைச் சந்தையிடமே விட்டுவிட்டது. 1990 அக்டோபர் 30 அன்று கூட்டாட்சி அரசு, முக்கிய வழித்தடங்களை இரண்டே நிறுவனங்களுக்கு ஒதுக்கியிருந்த இரு விமான நிறுவனக் கொள்கையைக் கைவிட்டபோது, போட்டி வந்தால் கட்டணம் தானாக இறங்கும் என்று நம்பினார்கள். சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் நடுவில் அந்த நம்பிக்கை பலித்திருக்கலாம். தம் தொழிலாளர்களுக்காகச் சுரங்க நிறுவனங்கள் எந்த விலைக்கும் இருக்கை வாங்கும் வடக்கில், இரண்டு விமான நிறுவனங்கள் இருந்தாலும் விலையைக் குறைக்க வேண்டிய அவசரம் இருவருக்கும் இல்லை என்பதே என் கருத்து.

உரிம முறையும் முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். இத்தகைய சிற்றூர்களுக்குப் பறக்கும் ரெக்ஸ் நிறுவனம் 2024 ஜூலை 30 அன்று நிதி நெருக்கடியில் வெளி நிர்வாகிகளின் கைக்குப் போனபோது, சிற்றூர்ச் சேவைகள் நிற்காமல் இருக்கக் கூட்டாட்சி அரசே பயணிகளின் முன்பதிவுகளுக்கு உத்தரவாதமும், பிறகு கடனும் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் ஊரில் அது நின்றால் ஊரே நின்றுவிடும். ஒரே வழியை நம்பியிருப்பதன் வலியைப் புரூம் பக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். 2023 ஜனவரி வெள்ளத்தில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் பாலம் உடைந்து, அந்த ஆண்டு டிசம்பரில் புதுப் பாலம் திறக்கும் வரை கிழக்கே போகும் நெடுஞ்சாலை பட்ட பாட்டை அத்தான் இன்னும் சொல்கிறார். இத்தகைய இடத்தில் விமானத்தை ஆடம்பரம் என்று கருதிச் சட்டம் செய்வது தவறு. அது பேருந்துக்குச் சமம்.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களையும் நான் ஒதுக்கவில்லை. எரிபொருள், விமான நிலையக் கட்டணம், பாதுகாப்புச் சோதனைச் செலவு ஆகிய அனைத்தும் குறைந்த பயணிகளின் மீது பங்கு பிரிக்கப்படும்போது தலைக்குக் கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடும் என்பதே கேள்வி. மாநிலச் சட்டப் பேரவையின் நிலைக்குழு ஒன்று 2017இல் இந்தக் கட்டணங்களைத் தனியாக விசாரித்தது. கூட்டாட்சி அரசின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2020 முதல் உள்நாட்டு விமானக் கட்டணங்களைக் கண்காணித்து, 2023 ஜூனில் நிறுத்தி, அந்த ஆண்டின் இறுதியில் அரசு கேட்டுக்கொண்டதால் மீண்டும் தொடங்கியது. ஆனால் ஆணையம் கவனித்து அறிக்கை எழுதலாமே தவிர, விலை நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. வரிப்பணத்தில் உச்சவரம்பை நிரப்பும் மாநில அரசுக்கு, ஒவ்வொரு வழித்தடத்திலும் எத்தனை இருக்கை என்ன விலைக்குப் போனது, எந்தச் செலவு எவ்வளவு என்று கணக்குக் கேட்டு வெளியிடும் உரிமை கட்டாயம் உண்டு. அந்தக் கணக்கைக் கொடுக்காத நிறுவனத்துக்கு மானியம் தரக்கூடாது.

ஆறாம் நாள் திரும்பும் விமானத்துக்காகக் கிளம்பும்போது அக்கா ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். பெரியம்மா ஆகஸ்டில் திருச்சியிலிருந்து பேரனைப் பார்க்க வருகிறார். திருச்சியிலிருந்து பெர்த் வரைக்கும் ஒரு தொகை, பெர்த்திலிருந்து புரூம் வரைக்கும் ஒரு தொகை என்று இரண்டு வரிகள் அதில் எழுதியிருந்தன. இரண்டாவது தொகை முதல் தொகையை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது. பெரியம்மாவுக்கு இங்கே நிரந்தர முகவரி கிடையாது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இன்று காலை எழுந்தவுடன் சட்டப் பேரவை உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தில் அந்த இரண்டு வரிகளையும் அப்படியே சேர்த்திருக்கிறேன்.